அக்கா வண்டியும் அரைப் பேரும்

1

இலங்கை மலையகத்தில் இருக்கும் உங்களுக்கு இம்முறைக் கடிதத்தில் இங்கே கொடைக்கானலில் உள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் வண்டி நின்றுவிட்டது.

என் மனைவி அஞ்சலையின் முதல் திவசம் முடிந்த அந்த வாரத்திலேயே, செண்பகனூருக்கு மேலுள்ள வளைவில், நீலப் புகையைக் கக்கிவிட்டு அது நின்றது. பழைய ஜீப் ஒன்றின் பின்பாகத்தை வெட்டி, பலகை அடித்துச் செய்த பிக்கப் வண்டி அது. ஓட்டுநர் வேலு இன்னொரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துவந்து, மூஞ்சிக்கல்லில் உள்ள பட்டறையில் சேர்த்தான்.

வண்டி அஞ்சலையுடையது. பதிவு அவள் பெயரில் இருந்தது. ஊரார் வாயிலும் அது ‘அக்கா வண்டி’தான். வாங்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை. ஓடிய காலத்திலும் கேட்கவில்லை. நின்ற பிறகு, பழுது பார்ப்பதா, தள்ளிவிட்டு வேறு வாங்குவதா என்ற கேள்வி மட்டும் என்னைத் தேடி வந்தது.

பட்டறைக்காரரை இங்கே எல்லோரும் பாய் என்று அழைப்பார்கள். வண்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, உட்கார்ந்தபடியே சொன்னார்.

“எஞ்சினப் பிரிச்சு, சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணணும் சார். அடியில சேஸ் துருப்பிடிச்சுக் கெடக்கு. ஓட வைக்க முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வயசாயிருச்சு பாருங்க. வைத்தியம் பாக்குறதா, போதும்னு விடுறதான்னு வீட்டுக்காரங்கதான் சொல்லணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஏற்கெனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். சென்ற ஆண்டு மதுரையில் அஞ்சலையைப் பார்த்த மருத்துவர் இதே கேள்வியை, ஏறக்குறைய இதே சொற்களில், என்னிடம் கேட்டிருந்தார். அன்று உடனே பதில் சொன்னேன். இப்போது யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன்.

யோசிக்க உண்மையில் ஒன்றுமில்லை. அந்த வண்டி என் கண்ணெதிரே இல்லாமல் போக வேண்டும் என்று கடந்த பல மாதங்களாக விரும்பியிருக்கிறேன். சரித்திரமும் தர்க்கமும் கற்பித்தவன், அறுபதைக் கடந்தவன், ஒரு பழைய ஜீப்பின்மீது பொறாமை கொள்வது நகைப்புக்குரியது. ஆனால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

2

தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக் களத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியுமுன் கொம்பு ஊதும், மலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், கங்காணி பெயர் கூப்பிடுவார், கிளாக்கர் பேரேட்டில் எழுதுவார். முழு நாள் வேலைக்கு முழுப் பேர். பிந்தி வந்தால் அரைப் பேர், அரை நாள் கூலி. இந்தச் சொற்கள் இங்கே எவருக்கும் விளங்குவதில்லை. ‘பேர் எப்படிங்க அரையாகும்?’ என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்.

என் தகப்பனார் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த நான், போர்வையைச் சுற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் நின்றிருந்த ஒரு காலையில், கங்காணியின் மகள் அஞ்சலை பிந்தி வந்தாள். தகப்பனார் தலை நிமிராமல் அரைப் பேர் எழுதினார். மற்றவர்களாயிருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் போகவில்லை.

“மழையில கால் வழுக்கிருச்சுங்க. மழைக்கு அரப் பேரு போடுங்க. எனக்கு முழுப் பேரு போடுங்க.”

களம் முழுவதும் சிரித்தது. தகப்பனார் திருத்தவில்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு போகிறபோது என்னைப் பார்த்து, ‘சின்னக் கிளாக்கராச்சும் நியாயம் கேக்கக் கூடாதா’ என்றாள். நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு, வீட்டின் எதிர்ப்பை மீறி, அவளைத் திருமணம் செய்துகொண்டேன்.

எங்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின்படி எழுபத்தொன்றில் நாங்கள் புறப்பட்ட நாளில், தோட்டத்து லொறி எங்களை ரயிலடியில் கொண்டுபோய் விட்டது. படித்தவன் என்பதால் எனக்கு முன் ஆசனம் தந்தார்கள். அஞ்சலை பின்னால், பெண்களோடும் பெட்டிகளோடும் நின்றுகொண்டு வந்தாள். வழியெல்லாம் பின்னாலிருந்து ஒப்பாரி கேட்டது. பிறகு அதே குரல்களில் சிரிப்பும் கேட்டது. எதற்குச் சிரித்தார்கள் என்பதை ரயிலில் கேட்டேன். ‘அது பொம்பளைங்க சிரிப்பு’ என்றாள். யோசித்துப் பார்த்தால், அங்கேதான் இந்தப் பொறாமை தொடங்கியிருக்க வேண்டும்.

3

கொடைக்கானலில் எனக்கு ஓர் ஆங்கிலப் பள்ளியில் வேலை கிடைத்தது. நம்மவர்கள் பலர் செண்பகனூருக்குக் கீழே, ஊரார் ‘சிலோன் காலனி’ என்று அழைக்கும் இடத்தில் குடியேறினார்கள். தேயிலை தெரிந்த கைகளுக்கு இங்கே தேயிலை இல்லை. காரட், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் மேலே பூம்பாறைப் பக்கம் விளைந்தன. பேருந்தோ அவர்கள் போகவேண்டிய நேரத்துக்குப் போகாது.

ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் தம் ஜீப்பை விற்பதாக அஞ்சலை எங்கோ கேள்விப்பட்டாள். தன் நகைகளை விற்று வாங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். ‘அவரு தாயகம் போறாராம், நாம தாயகம் வந்துட்டோமாம். வண்டிக்குத்தான் போக்கிடம் இல்ல, பாவம்’ என்றாள். பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை குழந்தைவேலுவை ஓட்டுநராக வைத்தாள். விடியுமுன் காலனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவாள். மாலையில் அவர்களோடு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்குவாள். அவள் புறப்படும்போது நான் உறங்கிக்கொண்டிருப்பேன். திரும்பும்போது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

பூம்பாறையில் பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகையில் பதப்படுத்துவார்கள். அந்த மூட்டைகளின் வாசனை வண்டியில் ஏறி, அவள் சேலையிலும் ஏறி, வீட்டுக்குள் வந்தது. என் வீட்டில் நான் போகாத இடமொன்றின் வாசனை இருந்தது. அவள் போன பிறகு சேலைகளைத் துவைத்துக் கொடுத்துவிட்டோம். வண்டியில் மட்டும் அது போகவில்லை. வேலு நாள்தோறும் அதில் உட்கார்ந்திருந்தான்.

வண்டி நிற்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பதிவுப் புத்தகத்தை என் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தாலுகா அலுவலகத்துக்குப் போவதற்காக, அந்த வண்டியின் முன் ஆசனத்தில் நான் முதன்முறையாக ஏறினேன். அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது வேலு தன் சோற்றுத் தூக்கை வைத்திருந்தான். அதை எடுத்துக் காலடியில் வைத்து, ஆசனத்தைத் துண்டால் தட்டிவிட்டான். அந்தத் தூக்குக்கு உரிமையாக இருந்த இடம் எனக்கு விருந்தாளிக்குரிய மரியாதையாகத்தான் கிடைத்தது.

அலுவலகத்தில் எழுத்தர் காகிதங்களை விரித்து வைத்தார். குடும்ப அட்டையில் அவள் அஞ்சலை. வாக்காளர் பட்டியலில் அஞ்சலையம்மாள். வண்டிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் அஞ்சலா. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, ‘இது எந்த மாவட்டத்துல வருதுங்க?’ என்றார். சொன்னேன். தோட்டத்து லொறியில் புறப்பட்டு வந்ததையும் சொன்னேன். பேனாவை மூடினார்.

“மூணு பேரும் ஒரே அம்மாதான்னு நாங்க எப்படிங்க சார் நம்புறது? நீங்க வேற லொறி லொறிங்கிறீங்க. கேரளாவா?”

மலைமேல் பதினோராண்டுகள் வாழ்ந்தவனுக்கு ஒரு சொல்லில் ஊர் மாறிவிடுகிறது. எழுத்தர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று பேரும் ஒருவரா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. அவர்களில் அஞ்சலையை மட்டுமே நான் அறிந்திருந்தேன்.

சான்றிதழுக்காக இப்படிப் பலமுறை போய்வந்தோம். ஒருமுறை, பூம்பாறைக்குப் போயிருந்த எங்கள் கிராம அலுவலரிடம் கையெழுத்து வாங்கவேண்டி மேலே போனோம். காட்டைக் கடந்து ஒரு வளைவில், நான் ஒன்றும் சொல்லாமலே வேலு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். நிறுத்திய பிறகு சங்கடப்பட்டான்.

“பழக்கத்துல நிப்பாட்டிட்டேன் சார். அக்கா இங்க எறங்கிச் செத்த நேரம் நிப்பாங்க.”

“ஏன்?”

“இந்த எடத்துல மட்டும் எங்க ஊரு மாதிரி இருக்கு வேலுன்னு சொல்லுவாங்க.”

இறங்கிப் பார்த்தேன். எதிர்ச்சரிவில் மாடுகள் கடித்துக் கடித்துக் குட்டையான செடிகள் வரிசை வரிசையாக நின்றன. மஞ்சு இறங்கி, அடியை மறைத்தபோது அது கொழுந்து எடுத்த மலையாகவே தோன்றியது. பத்தாண்டுகளாக நான் அவளிடம், ஏரிக்கரையில், தேவாலயத்து மேட்டில், ‘இது நம்ம பக்கம் போல இல்லையா’ என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், ‘இல்ல, அது வேற மல, இது வேற மல’ என்று முடித்துவிடுவாள். நானும் உங்களுக்கு அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் எதையும் திரும்பிப் பார்க்காதவள் என்று பெருமையோடு எழுதியிருக்கிறேன்.

வேலு கேட்காமலே அது அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அவனிடம் தவறு ஏதும் இல்லை. நல்லவன். அவள் இறந்தபோது மொட்டை அடித்துக்கொண்டான்; அதற்கும் நான் பொறாமைப்பட்டேன், ஏனெனில் என் மகன் அடித்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கி, இனி அந்த வளைவில் நிறுத்த வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன். ‘சரிங்க சார்’ என்றான்.

4

திவசத்துக்கு வந்திருந்த மகன் மோகன், வண்டி நின்றபோது இன்னும் ஊரில்தான் இருந்தான். பதின்மூன்று வயதில் கப்பலேறி வந்தவன்; இன்று மதராஸில் ஒரு நிறுவனத்தில் நல்ல வேலை. நண்பர்களிடம் சொந்த ஊர் மதுரை என்று சொல்கிறான். பொய் சொல்வதாக அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மறப்பதற்கும் ஒரு திறமை வேண்டும் போலும். அது அவனுக்கு இயல்பாக வந்திருக்கிறது. அதையும் நான் கொஞ்சம் ஏக்கத்தோடுதான் பார்க்கிறேன்.

“கொடுத்துருங்கப்பா. அம்மாவுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. உங்களுக்கு எதுக்கு? வேணும்னா அந்த லேடீஸுக்கு யாராவது புது டெம்போ விடுவாங்க.”

பொழுதுபோக்கு என்ற சொல்லை நான் திருத்தவில்லை. அவன் சொன்ன முடிவு எனக்கு ஏற்புடையதாக இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து பழைய வண்டிகளை வாங்கி உடைப்பவர் ஒருவர் வந்து பார்ப்பதற்கும் ஏற்பாடாயிற்று. தர்க்கம் என் பக்கம் இருந்தது. பழுது பார்த்தாலும் அது எத்தனை நாள் ஓடும்? அடியே துருப்பிடித்ததை மேலே செப்பனிட்டு என்ன பயன்? ஒவ்வொரு வாதமும் சரியானது. ஒன்றுகூட உண்மையான காரணம் அல்ல.

அவர் வருவதாக இருந்த நாளின் காலையில் காலனியிலிருந்து முத்தம்மா வந்தாள். அஞ்சலையோடு ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவள். அவள் பின்னால் வேலு, வாசலிலேயே நின்றுகொண்டான். வண்டி நின்றதிலிருந்து பெண்கள் இருட்டில் நடந்தும் கிடைத்த வண்டியில் தொற்றியும் மேலே போகிறார்கள் என்றும், போய்ச் சேருவதற்குள் சிலருக்கு வேலை இல்லாமல் போகிறது என்றும் முத்தம்மா சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். பிறகு என் மேசையைப் பார்த்தாள்.

“புத்தகம்னா கிழிஞ்சாலும் ஒட்டி வச்சுக்கிறீங்க. இது வண்டிதானேன்னு விக்கிறீங்களாக்கும்.”

வேலு தொண்டையைச் செருமினான்.

“சார், உடைக்கக் குடுக்குறதா இருந்தா எனக்குக் குடுங்க. அண்ணன்மாருகிட்டப் பேசிட்டேன். இந்தத் தடவ பூண்டு நல்லா வந்துருக்கு. பாய் சொல்ற ரிப்பேரெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

“ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?”

“ஓடலைன்னாலும் வீட்டு முன்னாடி நிக்கட்டும் சார். அக்கா வண்டி.”

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பூம்பாறையில், அவன் வீட்டு முன்னால், அந்த ஜீப் நிற்கும். போகிற வருகிறவர்கள் அதைக் காட்டி அஞ்சலையைப் பற்றிப் பேசுவார்கள். வேலுவின் பிள்ளைகள் அவள் உட்கார்ந்த ஆசனத்தில் ஏறி விளையாடுவார்கள். என்னிடம் ஒரு வாரிசுச் சான்றிதழ் இருக்கும்.

அடுத்து நான் சொன்னதற்குக் காரணம் தியாகமோ பரிவோ அல்ல. காலனிப் பெண்களின் நடைகூட அல்ல. அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் அங்கே பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

“விற்கவில்லை” என்றேன். “பாயிடம் எஞ்சினைப் பிரிக்கச் சொல்.”

வேலுவின் முகம் ஒரு கணம் வாடியது, மறுகணம் மலர்ந்தது. வாடியதை மட்டும் நான் நினைவில் வைத்துக்கொண்டேன். மோகன் அறைக்குள்ளிருந்து வந்து, ‘என்னப்பா, லாஜிக்கே இல்லாம’ என்றான்.

5

பாய் வண்டியைத் திரும்பத் தருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. எஞ்சினுக்குப் போர் செய்து, சேஸின் அடியில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து, பின்பலகைகளில் பாதியை மாற்றியிருந்தார். புதுப் பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். உள்ளே ஏறிப் பார்த்தேன். கிரீஸும் டீசலும் வீசின. அவற்றின் அடியில் பூண்டுப் புகை இருந்தது.

முதல் நாள் ஓட்டத்துக்கு நானும் வருவதாக வேலுவிடம் சொன்னேன். அவன் வியப்பைக் காட்டவில்லை. ‘வெள்ளனே கெளம்பணும் சார், குளிரும்’ என்றான். ஸ்வெட்டரும் மப்ளருமாக நான் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தேன். தூக்கை அவன் காலடியில் வைக்கப் போனபோது, நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

காலனிக்கு மேலே சாலை அகலும் இடத்தில் வண்டியை நிறுத்தி, வேலு ஹாரனை நீளமாக ஒருமுறை, சற்று விட்டு மறுபடி நீளமாக ஒருமுறை அழுத்தினான். பிரட்டுக் கொம்பின் அதே இடைவெளி. அதை அவனுக்கு யார் கற்பித்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. பின்னால் காலடிகளும் மண்வெட்டிகள் பலகையில் இடிக்கும் ஓசையும் கேட்டன. ஆனால் எவரும் ஏறவில்லை. வரிசையாக நிற்கிறார்கள் என்று விளங்கியது. பிறகு முத்தம்மாவின் குரல், கங்காணிக் குரலில், பெயர் கூப்பிடத் தொடங்கியது. மாரியாயி. இருக்கேன். காமாட்சி. இருக்கேன். சின்னப்பொண்ணு. இருக்கேன். பெயர் சொன்னவர் ஒவ்வொருவராக ஏற, வண்டி ஒவ்வொரு முறையும் சற்றுத் தாழ்ந்தது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் பெயர் கூப்பிடத் தேவையே இல்லை. தேவையில்லாததை இவ்வளவு ஒழுங்காக அவள் நடத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல்.

எனக்கு மறுபடி அந்தப் பழைய எரிச்சல் எழுந்தது. இங்கே ஒரு முழுத் தோட்டமே இருந்திருக்கிறது. வேலுவுக்கு இதில் ஹாரன். முத்தம்மாவுக்கு இப்போது கங்காணி வேலை. பூம்பாறைக்காரனுக்கும் ஹட்டன்காரிக்கும் இதில் இடம் இருந்தது. கிளாக்கரின் மகனுக்கு இல்லை. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது முத்தம்மா கடைசிப் பெயரைக் கூப்பிட்டாள்.

“சின்னக் கிளாக்கரு?”

பின்னாலிருந்து எல்லோரும் ஒரே குரலில், பலமுறை சொல்லிப் பழகிய ராகத்தில், பதில் சொன்னார்கள்.

“இன்னும் எந்திரிக்கல!”

சிரிப்பு எழுந்தது. அன்று லொறியின் பின்னாலிருந்து கேட்ட அதே சிரிப்பு.

வேலு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வெளையாட்டுதான் சார்” என்றான் மெதுவாக. “அக்கா தெனமும் கூப்புடுவாங்க. கடைசியா உங்க பேரக் கூப்புட்டாத்தான் வண்டியவே எடுக்கச் சொல்லுவாங்க. அக்கா போனப்புறமும் இவுங்க விடல.”

உறக்கத்தில் இருந்த என்னை, ஒவ்வொரு விடியலிலும், இந்தச் சாலையோரத்தில், வரிசையில் நிறுத்தியிருக்கிறாள். எழுந்திருக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். என்னைப் பற்றி இவர்களோடு சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பும் இவர்களிடம்தான் இருந்தது. எனக்கு வந்திருந்தால் நான் அதை என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. பின்னால் மஞ்சுக்குள் திரும்பி, என் வயதுக்கும் படிப்புக்கும் சற்றும் பொருந்தாத உரத்த குரலில் சொன்னேன்.

“இருக்கேன்.”

சிரிப்பு நின்றது. யாரோ ‘ஐயோ, ஐயா’ என்று முணுமுணுத்தாள். பிறகு முத்தம்மா, தன் கங்காணிக் குரலை விடாமல், மஞ்சுக்குள்ளிருந்து சொன்னாள்.

“இவ்வளவு பிந்தி வந்தா அரப் பேருதான், சின்னக் கிளாக்கரே.”

அரைப் பேர் எழுதினால் நம்மவர்கள் முணுமுணுக்காமல் களத்தை விட்டு நகர மாட்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். அஞ்சலையாயிருந்தால் பழியை மழையின்மேல் போட்டிருப்பாள்.

நான் முணுமுணுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி மேலே ஏறத் தொடங்கியது. காட்டைக் கடந்ததும் வரும் வளைவில் நிறுத்தும்படி வேலுவிடம் சொன்னேன்.